வெள்ளிமீன் கம்பெனியின் ராசிக் கை

தம்பி, அந்த ஜன்னலோரம் கொஞ்சம் விடுதியளா? காத்து வேண்டியிருக்கு. இல்ல, வேண்டாம், நீங்களே இருங்க. எனக்கு எந்திரிக்கச் சௌகரியமா இந்தப் பக்கமே இருக்கட்டும். நான் ஒரு எடத்துல உக்கார மாட்டேன். வீட்டுல எம்மக வையும், "அப்பா, உங்க கால்ல சக்கரமா கட்டியிருக்கு?"ன்னு.

எங்க போறிய? ராமேஸ்வரமா? நான் மண்டபம். மண்டபந்தான்னு நெனைக்கேன். டிக்கெட்டு ராமநாதபுரம் வரைக்குந்தான் எடுத்திருக்கேன். கண்டக்டர் "பெரியவரே, எங்க?"ன்னாரு, வாயில அதுதான் வந்துச்சு. சரி, அங்கன போயி மிச்சத்த யோசிச்சுக்கிடுவோம். பதினொரு மணிக்கு அங்க ஒரு விழா. மணி என்ன இப்போ? ஏழே காலா? சீக்கிரம் போனாலும் சங்கடம், லேட்டாப் போனாலும் சங்கடம்.

அலுமினியத்துல செஞ்ச போட்டு பாத்திருக்கியளா நீங்க? பைபர் இல்ல, மரம் இல்ல. தனி அலுமினியம், தகடு மேல தகடு வச்சு ரிவிட்டு ஆணி அடிச்சது. பாத்திருக்க மாட்டிய, உங்க வயசு அப்படி. தூத்துக்குடியில 'வெள்ளிமீன் போட் ஒர்க்ஸ்'னு ஒரு கம்பெனி இருந்துச்சு. அதுல நான்தான் மேஸ்திரி. சூசை மேஸ்திரின்னா அன்னைக்குத் துறைமுகம் வரைக்கும் தெரியும். இன்னைக்கு எங்க தெருமுக்கு டீக்கடைக்காரனுக்கே தெரியாது, அத விடுங்க.

அது மொதல்ல சட்டி கம்பெனி, கேட்டியளா? சிலுவைப்பிச்சை முதலாளி அலுமினியச் சட்டி, தூக்குவாளி, கல்யாண அண்டா எல்லாம் அடிச்சு வித்துக்கிட்டிருந்தாவ. எவர்சில்வர் வந்துச்சு. பொம்பளையள்லாம் அலுமினியத்தத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. குடோன்ல தகடு அடுக்கி அடுக்கிக் கெடக்கு, நாங்க பன்னெண்டு பேரு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்த வருஷம் ஐப்பசியில நல்ல மழை. பட்டறை வாசல்ல முட்டளவு தண்ணி. ஒரு பெரிய அண்டா மெதந்து போவுது, அதுக்குள்ள ஒரு கோழி உக்காந்திருக்கு. முதலாளி அதையே பாத்துக்கிட்டு நின்னாவ. "ஏலே சூசை, கோழி நனையல பாத்தியா?"ன்னாவ. அவ்வளவுதான். போட்டு கம்பெனி ஆரம்பிச்சாச்சு.

அறுபத்தெட்டுல நடந்தது அது. எனக்கு இருவத்திரண்டு வயசு. ஊரே சிரிச்சுது. "சட்டிக்காரன் கடலுக்குப் போறானாம், மீன் புடிக்கவா, சோறு வடிக்கவா?"ன்னு கேட்டான் ஒருத்தன். மொத போட்டு ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. ரெண்டாவது இன்னொரு பக்கமா சாஞ்சுது. மூணாவதுதான் நேரா நின்னுச்சு. அந்த மூணாவதுக்குத் தகடு வெட்டுன அளவு என்னுது. முதலாளி பேரப் போட்டுக்கிட்டாவ, போட்டுக்கிடட்டும், அவிய தகடுதான. ஆனா அளவு என்னுது. இத நீங்க ஞாபகம் வச்சுக்கிடுங்க.

எந்திரிச்சு நிக்கேன் கொஞ்சம், காலு மரத்துப் போச்சு. நீங்க சாஞ்சுக்கிடுங்க. வைப்பாறு தாண்டிட்டமா?

பொறவு ஒரு அணைக்கட்டுக்கு ஆறு போட்டு கேட்டாவ. மலை மேல ஏரியில படகுச் சவாரி விடுதவங்க பத்து கேட்டாவ. வெள்ளம் வந்தா ஆள் தூக்கப் போறதுக்குன்னு கலெக்டர் ஆபீஸ்ல கேட்டாவ. ரெண்டு பேரு தலையில தூக்கிட்டுப் போயிரலாம்லா, அந்த வசதி மரத்துல உண்டா? வெயில்ல போட்டு வரிசையா நின்னா கண்ணு கூசும். கம்பெனி பேரே அதனாலதான் வெள்ளிமீன். பதிமூணு வருஷத்துல நூத்திச் சொச்சம் போட்டு இறக்கினோம். எல்லாம் நல்ல தண்ணியில ஓடுனது. பழுதுன்னு ஒண்ணுகூடத் திரும்பி வரல.

அதுக்குக் காரணம் என் கைதான். தற்பெருமை இல்ல தம்பி, ஊர்ல உள்ளவங்க சொன்னது. எங்க பக்கத்துல மரத்துல வள்ளம் கட்டும்போது, முன்பக்கம் அணியத்துல ஒரு காசு வச்சு மேல பலகைய அடிப்பாவ. செப்புக் காசுதான் வைக்கணும். வசதி உள்ளவன் கூட ஒரு பொட்டுத் தங்கமும் வைப்பான். காசு வைக்காத வள்ளத்துல எவனும் ஏற மாட்டான். நம்ம போட்டுல பலகையே கிடையாது, எங்க வைக்க? முதலாளி யோசிச்சாவ. நான்தான் வழி சொன்னேன். அணியத்துல ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு வரும். அந்த நடுவுல காச வச்சு மூடிரலாம்னேன். ஓட்டைக் காலணா கேள்விப்பட்டிருக்கியளா? வெள்ளக்காரன் காலத்துச் செப்புக் காசு, நடுவுல வட்டமா ஓட்ட இருக்கும். அந்த ஓட்டைக்குள்ளயே ஒரு ரிவிட்ட விட்டு அடிச்சாச்சுன்னா காசு அசையாது. எப்படி யோசனை? பழைய பாத்திரக் கடையில ஒரு சுருக்குப்பை நிறைய வாங்கி வச்சிருந்தேன். ஃபாதர் வந்து போட்ட மந்திரிப்பாரு, நான் குளிச்சு, வேட்டி மாத்தி, சிலுவை போட்டுட்டு காச வைப்பேன். வேற எவன் கையும் படாது. "சூசை வச்சா போட்டு முங்காது"ன்னு முதலாளி வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுவாவ.

காசுக்குள்ள ரிவிட்டு அடிக்கிறது தொம்மை. எந்தங்கச்சி மாப்பிள்ளை. எங்கிட்ட வேலைக்குச் சேந்த பையந்தான், நல்ல கை, அதப் பாத்துத்தான் பிலோமிய நானே பேசி முடிச்சேன். குத்தம் சொல்லக் கூடாது, அவரு அடிச்சா ஒரு ரிவிட்டு மாதிரிதான் ஆயிரமும் இருக்கும். தட்டும்போது வர்ற சத்தத்த வச்சே இது புடிச்சிருக்கு, இது புடிக்கலன்னு சொல்லிருவாரு. போட்டு முடிஞ்சதும் உள்ள தண்ணிய ரொப்பி, ஒரு நாள் பூரா வெளிய கசியுதான்னு பாப்போம். தொம்மை அடிச்ச போட்டுல ஒரு சொட்டு கசிஞ்சு நான் பாத்ததில்ல.

கடலை வேணுமா? எடுத்துக்கிடுங்க. எனக்கு வேண்டாம், சும்மா வாங்கினேன். கை எதையாவது வச்சுக்கிட்டு இருக்கணும்.

எண்பத்தொண்ணுல கடல் ஆர்டர் வந்துச்சு. ஒரு மீன்பிடி சங்கத்துக்குப் பதினாலு போட்டு. முதலாளி காத்துக்கிட்டிருந்ததே அதுக்குத்தான். "சிரிச்சானுவள்லா, கடல்லயே ஓட்டிக் காட்டுதேன்"ன்னாவ. ராவும் பகலும் வேலை. நடுவுல எனக்கு மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசம் படுத்துட்டேன். அந்த ஒரு மாசத்துல மூணு போட்டு முடிஞ்சு போச்சு. நான் இல்லாததுனால அந்த மூணுக்கும் காசு வைக்கல. எனக்கு மனசே ஆறல. மூணு போட்டு ராசியில்லாமக் கடலுக்குப் போவுதேன்னு படுக்கையில கெடந்து ஜெபம் பண்ணினேன். வெசித்திரத்தப் பாருங்க, கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாதது அந்த மூணுந்தான். என் ஜெபம் அப்படி.

மத்த பதினொண்ணும் ஒண்ணொண்ணாத் திரும்பி வந்துச்சு. ஒரு வருஷங்கூட ஆகல. எல்லாம் அணியத்துல ஓட்ட. தகடு உள்ளுக்குள்ள வெள்ளையாப் பூத்து, விரல வச்சா சுண்ணாம்பா உதிருது. அந்தப் பதினாலுல ஒன்பதாம் நம்பர் போட்டு நடுக்கடல்ல தண்ணி ஏறி முங்கியே போச்சு. அதுல இருந்த ரெண்டு பேரு மண்ணெண்ணெய் கேனப் புடிச்சுக்கிட்டு அரை நாள் மெதந்தாவ. ஆண்டவர் புண்ணியம், உசுரோட வந்தாவ. போட்டையும் வலை போட்டு இழுத்துட்டு வந்து பட்டறை வாசல்ல போட்டாவ. சங்கத்துக்காரங்க கம்பும் கையுமா நிக்காவ.

நீங்களே சொல்லுங்க, எதுனால இருக்கும்? நான் சொல்லுதேன். தகடு மட்டம். அந்தத் தடவ முதலாளி வேற எடத்துல தகடு வாங்கிட்டாவ. அதுவும் போக, மீன்காரங்க போட்ட மணல்ல தரதரன்னு இழுப்பாவ. ஒரு காரணமா? ஆயிரம் காரணம்.

தொம்மை என்ன சொன்னாரு தெரியுமா? பன்னெண்டு பேரு முன்னாடி, பட்டப்பகல்ல. "மச்சான், கோவப்படாதிய. ஓட்ட விழுந்ததெல்லாம் ஒரே எடம். காசு இருக்க எடம். காச எடுத்துப் பாருங்க மச்சான்"னாரு. நான் சிலுவை போட்டுட்டு வச்ச காசு! என் கையாலதான் போட்டு முங்குச்சுன்னு சொல்லுதாரு, தங்கச்சி மாப்பிள்ளை. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. மாப்பிள்ளைன்னும் பாக்காம கைய நீட்டிட்டேன். கன்னத்துல ஒண்ணு. அவரு திருப்பி அடிக்கல. சுத்தியலக் கீழ வச்சாரு. மெதுவாத்தான் வச்சாரு.

வெயில் ஏறிட்டு. சாயல்குடியா இது? எறங்கி ஒரு டீ குடிச்சிருக்கலாம். வேண்டாம், வண்டி விட்டுட்டுப் போயிருவான். போனாப் போவட்டும்னும் இருக்கு.

பொறவு என்ன, ரிவிட்டு சரியில்லன்னு ஆயிப்போச்சு. தொம்மைய நிறுத்தியாச்சு. அந்தக் காலத்துல தூத்துக்குடியில ஒரு பட்டறையில நிறுத்துனா அத்தன பட்டறைக்கும் தெரிஞ்சுரும். எவனும் சேக்கல. 'ஓட்டை ரிவிட்டு'ன்னு பட்டப்பேரு வச்சுட்டானுவ. பிலோமி கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு அவருகூட மண்டபத்துக்குப் போயிட்டா. அங்க ஐஸ் பெட்டிக்குத் தகடு அடிச்சுப் பொழச்சாவ. எங்கம்மை செத்ததுக்கு வந்தா. குழிக்கு மண்ணள்ளிப் போட்டுட்டு என் முகத்தப் பாக்காமப் போயிட்டா. நாப்பது வருஷம் தம்பி. எம்மக கல்யாணத்துக்கு நேர்ல போயிப் பத்திரிகை வச்சேன். கதவுகிட்ட வாங்கிக்கிட்டா, உள்ள வான்னு சொல்லல. நான் என்ன கொலையா பண்ணினேன்?

கம்பெனியும் ரெண்டு வருஷத்துல மூடியாச்சு. பைபர் போட்டு வந்துச்சுல்லா. அதான் காரணம். நிறையப் பேரு என்னமோ சொல்லுவாவ, நம்பாதிய.

இப்போ கதைக்கு வாரேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர், நந்தகோபால்னு பேரு, கம்ப்யூட்டர்ல பெரிய வேலை. அவருக்குப் பழைய போட்டுன்னாப் பைத்தியம். அந்த அணைக்கட்டுல பழசெல்லாம் ஏலம் விட்டப்ப நம்ம அறுபத்து மூணாம் நம்பர் போட்ட எடுத்திருக்காரு. வெளிநாட்டுலல்லாம் இந்தப் பழைய அலுமினியப் போட்டத் தேடி அலையுதாவளாம், அதுக்குன்னு சங்கமே இருக்காம். அத மராமத்து பண்ண ரிவிட்டு தெரிஞ்ச ஆளு வேணும்னு தேடித் தேடி, யாரப் போயிப் புடிச்சிருக்காரு? தொம்மைய. இவரும் எழுபத்து மூணு வயசுல சுத்தியலத் தூக்கி ஆறு மாசம் உக்காந்து அடிச்சுக் குடுத்திருக்காரு. இன்னைக்குப் பதினொரு மணிக்கு மண்டபம் கரையில இறக்குதாவ.

நந்தகோபால் கம்பெனி வரலாறு எழுதணும்னு எனக்குப் போன் போட்டாரு. ஒரு மணி நேரம் சொன்னேன், கோழியில இருந்து எல்லாம் சொன்னேன். கம்பெனி ஏன் மூடுனாவன்னு கேட்டாரு. பைபர்னேன். வேற ஒண்ணும் இல்லியான்னாரு. கடல் போட்டுல ரிவிட்டு வேலை சரியில்லன்னும் சொல்லுவாவன்னேன். "சொல்லுவாவ"ன்னுதான் சொன்னேன். அவரு நோட்டீஸா அடிச்சுட்டாரு. "கம்பெனியின் தலைமை மேஸ்திரி திரு. சூசை கூறியபடி, ரிவிட் வேலையில் இருந்த குறையே காரணம்"னு. இந்தாங்க, பையில இருக்கு, வாசிச்சுப் பாருங்க. என் பேரு கொட்டையெழுத்துல இருக்கா? இன்னைக்கு விழாவுல அத எல்லாருக்கும் குடுக்கப் போறாராம். தொம்மையும் பக்கத்துல நிப்பாரு. அவருக்குத் துண்டு போத்தி மரியாதை பண்ணப் போறாவளாம். ஒரு கையில துண்டு, ஒரு கையில இந்த நோட்டீஸ்.

முந்தாநாள் சாயங்காலம் பிலோமி போன் பண்ணினா. நாப்பது வருஷத்துக்குப் பொறவு. நான் மொதல்ல கண்டுபிடிக்கல, யாரோ கெழவி பேசுதான்னு நெனச்சேன். "அண்ணே"ன்னா. "அண்ணே, அந்த நோட்டீச அவிய வாசிச்சிட்டாவ. ரெண்டு நாளாச் சாப்புடல"ன்னா. பொறவு சொன்னா, "நீ ஞாயித்துக்கிழம வா. வந்து எல்லாரு முன்னாடியும் ரிவிட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. வேற ஒண்ணும் நான் உங்கிட்ட கேக்கல. சொல்ல முடியாதுன்னா வராத. அவிய முகத்துல முழிக்காத"ன்னா. வச்சிட்டா.

நீங்களே சொல்லுங்க தம்பி. ரிவிட்டு நல்லாயிருந்துச்சுன்னு நான் சொன்னா, பொறவு எது சரியில்லன்னு நாலு பேரு கேப்பானா மாட்டானா? நந்தகோபால் கேப்பாரா மாட்டாரா? நான் என்ன பதில் சொல்ல? என் கைன்னு சொல்லவா? அந்த அறுபத்து மூணாம் நம்பர்லயும் நான் வச்ச காசுதான இருக்கு. அது அம்பது வருஷமா அப்படியே இருக்கே. அதுல ஏன் ஓட்ட விழல? சொல்லுங்க பாப்போம்.

என்ன? அணைக்கட்டுத் தண்ணியா?

ஆமா, நல்ல தண்ணிதான். உப்புத் தண்ணியில செம்பும் அலுமினியமும் சேந்தா அலுமினியத்தத் தின்னுருமா? யாரு சொன்னா? நீங்க என்ன படிச்சிருக்கிய? மெக்கானிக்கலா. ம். தொம்மை எட்டாங்கிளாஸ். அவரும் இதேதான் சொன்னாரு.

இருங்க, ராமநாதபுரம் வந்துட்டு. எறங்கி அடுத்த வண்டியில தூத்துக்குடிக்கே போயிரலாமான்னு இருக்கு. கண்டக்டர்! மண்டபத்துக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. ஆமா, ராமநாதபுரந்தான் எடுத்தேன், இப்போ மண்டபம் குடுங்க. அதுக்கு என்னத்துக்கு முறைக்கிய?

தம்பி, ஒண்ணு சொல்லுதேன். நீங்க ராமேஸ்வரம் போயிருவிய, நாம திரும்பப் பாக்கப் போறதில்ல. அந்த ஒன்பதாம் நம்பர் போட்டு பட்டறை வாசல்ல கெடந்துச்சுல்லா, மறுநாள் காலையில பத்து மணிக்கு முதலாளியும் சங்கத்துக்காரங்களும் அணியத்தப் பிரிச்சுப் பாக்கப் போறதா ஏற்பாடு. நான் ஆறு மணிக்கே போயிட்டேன். எதுக்குன்னு கேக்காதிய, போயிட்டேன். உளிய வச்சுத் தட்டினேன். ரிவிட்டு எளகவே இல்ல. அத்தன கெட்டி. சுத்தித் தகடு தூளாப் போயிட்டு, ரிவிட்டு மட்டும் காசப் புடிச்சுக்கிட்டு நிக்கி. பச்ச பச்சயா காசு. ரிவிட்ட அரத்தால ராவி எடுத்துட்டுக் காசப் பையில போட்டுக்கிட்டேன்.

சாமி காசு தம்பி அது. மந்திரிச்ச காசு. பழைய தகரத்தோட குப்பையில போயிரக் கூடாதேன்னுதான் எடுத்தேன். அப்படித்தான் நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்னு நாப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

பத்து மணிக்கு அவிய வந்து பாத்தப்ப அங்க வெறும் ஓட்டதான் இருந்துச்சு. "ரிவிட்டு கழண்டு விழுந்திருக்கு"ன்னு சங்கத்துக்காரர் ஒருத்தர் சொன்னாரு. நான் சொல்லல. முதலாளி என்னப் பாத்து "ஏலே சூசை, அப்படியா?"ன்னாவ. நான் ஆமான்னு சொல்லல. தலைய ஆட்டினேன். சரி, ஆமான்னும் சொன்னேன். அதோட முடிஞ்சுது, மத்த போட்டையெல்லாம் எவனும் பிரிச்சுப் பாக்கல. தொம்மை அந்த ஓட்டையப் பாத்தாரு. பொறவு என் சட்டைப் பையப் பாத்தாரு. பாத்தாருன்னுதான் தோணுது. அன்னைக்கு அவரு வாயத் தெறந்து "சூசை எடுத்துட்டாரு"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும், அவரு பொழப்பு நின்னிருக்கும். சொல்லல. இன்னைக்கு வரைக்கும் பிலோமிகிட்டயும் சொல்லலன்னு தெரியுது. சொல்லியிருந்தா அவ ஒரு வார்த்தயோடவா விடுவா?

அந்த ஆளு கெட்டவனா இருந்திருக்கலாம் தம்பி. எனக்கு எவ்வளவோ சுகமா இருந்திருக்கும்.

உச்சிப்புளி தாண்டிட்டா? இவ்வளவு சீக்கிரமாவா? இந்த டிரைவர் எதுக்கு இப்படிப் பறக்கான்? மணி பத்து இருவது. இன்னும் இருவது நிமிசம். சொல்லிப் பாக்கேன், கேளுங்க. "எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிமீன் கம்பெனியில..." இல்ல, அது நீளமாப் போயிரும். "ரிவிட்டு நல்லாத்தான் இருந்துச்சு." இப்படிச் சொன்னாப் போதும்லா? "ரிவிட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான் வச்ச காசுதான் போட்டத் தின்னுட்டு." பாத்தியளா, சொல்லிட்டேன். உங்ககிட்டச் சொல்லியாச்சு. ஒரு மனுசங்கிட்டச் சொன்னாப் போதும்லா? பாவசங்கீர்த்தனமும் ஃபாதர் ஒரு ஆளுகிட்டத்தான பண்ணுதோம். நெஞ்சு லேசாயிட்டு. இனி அங்க போயி எறங்கணும்னு என்ன இருக்கு? நானும் உங்ககூட ராமேஸ்வரம் வந்து கடல்ல கால நனச்சுட்டு சாயங்கால வண்டியில திரும்பிருதேன். வயசான ஆளுக்கு உடம்பு முடியலன்னா பிலோமி புரிஞ்சுக்கிடுவா.

ஐயோ. தம்பி, அங்கன பாருங்க. ஸ்டாப்புல, கொடையப் புடிச்சுக்கிட்டு. வெள்ளச் சட்டை. அவருதான். சுத்தியல் புடிச்ச தோளு ஒரு பக்கமா ஏறியிருக்கு பாருங்க, அவரேதான். இந்த வெயில்ல எதுக்கு இவரு வந்து நிக்காரு? பிலோமி யாரையாவது அனுப்பியிருக்கலாம்லா. கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. ஜன்னல மறச்சுக்கிடுங்க. நான் குனிஞ்சுக்கிடுதேன்.

நின்னுட்டா? வண்டி நின்னுட்டா? என்ன செய்யுதாரு? எறங்குத ஆளையெல்லாம் பாக்காரா? ஒவ்வொரு முகமாவா? எல்லாரும் எறங்கிட்டாவளா? வண்டி எடுக்கட்டும், டிரைவர எடுக்கச் சொல்லுங்க. இன்னும் நிக்காரா?

என்ன சொல்லுதிய? ஏறுதாரா?

வாங்க மாப்ள. இல்ல, துண்டு கீழ விழுந்துட்டு, அதான் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். நல்லாருக்கியளா? பிலோமி எப்படி இருக்கா? ஆமா, எறங்கணும். எறங்கத்தான் வந்தேன். எதுக்கு மாப்ள நீங்க வந்திய, நான் ஆட்டோ புடிச்சு வர மாட்டனா? பைய நீங்க தூக்காதிய, குடுங்க. கண்டக்டர், ஒரு நிமிசம் பொறுங்க, வயசானவங்க ரெண்டு பேரு எறங்குதோம், பத்து எண்ணுறதுக்குள்ள எறங்கிருவோம். இல்ல மாப்ள, கையப் புடிக்க வேண்டாம். எனக்கு நடக்க முடியும். ஒரு நிமிசம்.

தம்பி, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? இவ்வளவு தூரம் கேட்டுக்கிட்டு வந்தியள்லா. ரிவிட்டு நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னனா இல்லியா? நான் வச்ச காசுதான்னு சொன்னனா இல்லியா? காச ராவி எடுத்ததும் நான்தான்னு சொன்னேன்லா? வாயத் தெறந்து சொல்லுங்க தம்பி. இவரு நிக்காருல்லா.